உதைப்பு அடங்கிய பெரிய காலிபர் கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஏறக்குறைய .40 அங்குலமும் அதற்கு மேலும் விட்டமுள்ள குண்டைச் சுடும் கைத்துப்பாக்கிகளைத்தான் பெரிய காலிபர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இவற்றுள் ஒன்றை வாங்க நினைப்பவர்களில் பலர், காலிபரை முதலில் முடிவு செய்துவிட்டு, அது தரும் உதைப்பை, அதாவது சுடும்போது துப்பாக்கி பின்னோக்கித் தள்ளுவதைப், பிறகு பழகிக்கொள்ளலாம் என்று எண்ணுகிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போடுவது நல்லது. காலிபர் என்பது குண்டின் விட்டத்தைக் குறிக்கும் எண். துப்பாக்கி எவ்வளவு உதைக்கும் என்பதை அது தனியாகச் சொல்வதில்லை. குண்டின் எடை, அது கிளம்பும் வேகம், எரியும் வெடிமருந்தின் அளவு, துப்பாக்கியின் எடை, கைப்பிடி உள்ளங்கையில் அமரும் விதம் ஆகிய எல்லாம் சேர்ந்தே உதைப்பைத் தீர்மானிக்கின்றன. 340 கிராம் எடையுள்ள ஒரு சட்டைப்பை ரிவால்வரில் .357 மேக்னம் (மருந்து கூட்டி வலுவாக்கிய வகை) தோட்டாவைச் சுட்டால், முழு எஃகில் செய்த 1.3 கிலோ ரிவால்வரில் சுடும் .44 மேக்னத்துக்குக் குறையாமல் கையை அறையும். அதே எஃகுத் துப்பாக்கியில் .44 ஸ்பெஷல் தோட்டாவை இட்டால், புதிதாகச் சுடுபவரும் அஞ்சாமல் தொடர்ந்து சுடலாம்.

உங்கள் நாட்டின் சட்டம் எந்தக் காலிபரை, எந்த உரிமத்தின் கீழ், எந்த நோக்கத்துக்கு அனுமதிக்கிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இங்கே பேசப்படும் தெரிவுகள் அந்த எல்லைக்குள் நிற்பவை மட்டுமே.

உதைப்பின் கணக்கு

குண்டும் அதன் பின்னால் சீறும் வாயுவும் முன்னோக்கிப் பெறும் உந்தத்துக்குச் சமமான உந்தத்தைத் துப்பாக்கி பின்னோக்கிப் பெறுகிறது. உந்தம் மாறாமல் துப்பாக்கியின் எடை இரு மடங்கானால், அது பின்வாங்கும் வேகம் பாதியாகும். கைக்கு வந்து சேரும் ஆற்றலும் பாதியாகும். எடையைப் பற்றிய இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால், கடையில் சொல்லப்படும் பாதி விளம்பரங்களை நீங்களே சரிபார்த்துவிடலாம்.

சில எண்களைப் பார்ப்போம். 230 கிரெயின் (ஒரு கிரெயின் ஏறக்குறைய 0.065 கிராம்) குண்டை நொடிக்கு ஏறக்குறைய 255 மீட்டர் வேகத்தில் செலுத்தும் .45 ஏ.சி.பி. தோட்டா, 1.1 கிலோ எடையுள்ள 1911 வகைப் பிஸ்டலில் 7 அல்லது 8 ஜூல் அளவு உதைப்பு ஆற்றலைத் தருகிறது. 240 கிரெயின் குண்டை நொடிக்கு 410 மீட்டர் அளவில் செலுத்தும் .44 மேக்னம், அதைவிடச் சற்றுக் கனமான 1.3 கிலோ ரிவால்வரிலும் 20 ஜூலைத் தாண்டிவிடுகிறது. இரண்டு குண்டுகளின் விட்டத்துக்கும் எடைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேகமும் மருந்தும்தான் மாறியிருக்கின்றன. .45 ஏ.சி.பி.யில் 5 கிரெயின் அளவு மருந்து எரிகிறது என்றால், முழு வலிமை .44 மேக்னத்தில் 23 கிரெயின் வரை எரிகிறது. அந்த மருந்தின் நிறையும் வாயுவாகிக் குழலின் வாய் வழியே பாய்வதால், மேக்னம் தோட்டாக்களின் உதைப்பில் மருந்துக்கும் கணிசமான பங்கு உண்டு.

கணக்குப் போட விருப்பமில்லாதவர்களுக்குப் போட்டிச் சுடுநர்கள் பயன்படுத்தும் எளிய அளவுகோல் ஒன்று இருக்கிறது. குண்டின் எடையைக் கிரெயினிலும் வேகத்தை நொடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் பவர் ஃபேக்டர் என்ற எண் கிடைக்கும். வழக்கமான .45 ஏ.சி.பி. 190ஐ ஒட்டி வரும். இலக்குப் பயிற்சிக்கான, வலிமை தணித்த 185 கிரெயின் மென்தோட்டா 140 அளவில் நிற்கும். 200 கிரெயின் குண்டை 1200 அடி வேகத்தில் செலுத்திய தொடக்ககால 10 மி.மீ. ஆட்டோ 240; .44 மேக்னம் 320க்கு மேல். 2003இல் வந்த .500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மேக்னத்தின் கனத்த தோட்டாக்களோ 600ஐயும் கடந்துவிடும். மருந்தின் நிறை இந்த எண்ணில் சேராததால், மேக்னங்களின் உதைப்பை இது சற்றுக் குறைத்தே காட்டும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். என் கணிப்பில், தொடர்ந்து பயிற்சி செய்ய விரும்பும் பெரும்பாலானோர் முழு அளவுத் துப்பாக்கியில் 200ஐ ஒட்டிய எண்ணிலேயே நிறைவடைவார்கள். 250க்கு மேற்பட்டது வேட்டை போன்ற தனித் தேவை உள்ளவர்களுக்கானது.

தோட்டாவை முதலில் தேர்ந்தெடுங்கள்

கனத்த குண்டு, மிதமான வேகம், குறைந்த அழுத்தம்: பெரிய காலிபரில் உதைப்பை அடக்க விரும்புபவர் தேட வேண்டிய சேர்க்கை இதுதான். பழைய தோட்டாக்களே இதில் முன்னிற்கின்றன. 1870களில் பிறந்த .45 கோல்ட், 1900களின் முற்பகுதியில் ஜான் பிரௌனிங் வடிவமைத்த .45 ஏ.சி.பி., 1907இல் வந்த .44 ஸ்பெஷல் ஆகிய மூன்றும் இந்தக் குணம் கொண்டவை. அமெரிக்கத் தொழில்துறைத் தரத்தின்படி .45 கோல்ட்டின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு; .44 ஸ்பெஷலுக்கு 15,500; .45 ஏ.சி.பி.க்கு 21,000. ஒப்பிட்டுப் பார்த்தால் .44 மேக்னம் 36,000, 10 மி.மீ. ஆட்டோ 37,500. அழுத்தம் குறைந்த தோட்டா மெதுவாகத் தள்ளுவதுபோல் உணரப்படுகிறது; அழுத்தம் கூடியது சுரீரென்று வெட்டுகிறது. உதைப்பு ஆற்றல் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்போதும், .40 ஸ்மித் அண்ட் வெஸ்ஸனைவிட .45 ஏ.சி.பி. இதமானது என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வெடிப்பொலியும் தீப்பிழம்பும் கூடும்போது, கை தாங்கினாலும் கண் தானாக மூடிக்கொள்கிறது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே துப்பாக்கியில் இரண்டு வலிமைகள் வேண்டும் என்றால், ஒரு தோட்டாவின் மூதாதையையும் ஏற்கும் ரிவால்வரைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. 1955இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வெளியிட்ட .44 மேக்னம், .44 ஸ்பெஷலை நீட்டி உருவாக்கப்பட்டது; ஆகவே மேக்னம் ரிவால்வரின் அறையில் (தோட்டா அமரும் துளையில்) ஸ்பெஷல் தோட்டாவை இட்டுச் சுடலாம். தலைகீழாகச் செய்ய முடியாதபடி மேக்னத்தின் உறை (மருந்தையும் குண்டையும் தாங்கும் உலோகக் கூடு) ஏறக்குறைய 3 மி.மீ. நீளமாக வைக்கப்பட்டிருக்கிறது. அதேபோல .454 கசூல் ரிவால்வர் .45 கோல்ட்டை ஏற்கும்; .460 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மேக்னம் ரிவால்வர் அவ்விரண்டையும் ஏற்கும். பயிற்சியில் பெரும்பகுதியை மென்தோட்டாவில் முடித்து, தேவையானபோது மட்டும் வலிய தோட்டாவுக்குப் போகலாம். குறுகிய உறையைத் தொடர்ந்து சுடும்போது அறையின் முன்பகுதியில் கரி வளையம் படியும். நீண்ட தோட்டாவை இடுவதற்கு முன் அதைத் தேய்த்து நீக்காவிட்டால் உறை முழுமையாக உள்ளே செல்லாது, சுட்ட பின் வெளியேயும் எளிதில் வராது.

பெயர் ஒன்றாக இருந்தால் வலிமையும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். .45 கோல்ட் என்ற பெயரிலேயே, வலுவான புதிய ரிவால்வர்களுக்கு மட்டும் உரிய உயர் அழுத்தத் தோட்டாக்களும் விற்கப்படுகின்றன. அவற்றைப் பழைய ரிவால்வரின் மெல்லிய சிலிண்டரில் (தோட்டாக்களை ஏந்திச் சுழலும் உருளையில்) சுடுவது துப்பாக்கியையும் கையையும் சேர்த்து இழக்கும் வழி. 10 மி.மீ. ஆட்டோவில் எதிர்த்திசையில் இதே குழப்பம் இருக்கிறது: பெட்டியின் மேல் 10 மி.மீ. என்று அச்சிட்டிருந்தாலும், உள்ளே இருப்பது .40 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அளவுக்குத் தணிக்கப்பட்ட தோட்டாவாக இருக்கலாம். 10 மி.மீ.யைப் பயிற்சிக்கு ஏற்றதாக்குவது அந்தத் தணித்த தோட்டாதான் என்றாலும், வாங்குபவர் தாம் எதை வாங்குகிறோம் என்று அறிந்து வாங்க வேண்டும். பெட்டியில் அச்சிட்ட குண்டின் எடையையும் வேகத்தையும் பார்த்து மேலே சொன்ன பெருக்கலைச் செய்தால், எது எந்த ரகம் என்பது உடனே புலப்படும்.

எடை, குழல், உடல்

தூக்கிச் செல்ல இலகுவாக இருப்பது சுடுவதற்குக் கடினமாக இருக்கும். .44 ஸ்பெஷலை 1.3 கிலோ ரிவால்வரில் சுட்டால் உதைப்பு ஆற்றல் 6 ஜூல் அளவிலேயே அடங்கும். அதே தோட்டாவை, 600 கிராம் அளவுள்ள சார்ட்டர் ஆர்ம்ஸ் புல்டாக் போன்ற சிறு ரிவால்வரில் சுட்டால் அது இரு மடங்காகிவிடும். டைட்டானியம், ஸ்கேண்டியம் கலந்த இலகு உலோக ரிவால்வர்களை மேக்னம் காலிபரில் வாங்குபவர்களில் கணிசமானோர் ஒரு பெட்டித் தோட்டாவைக்கூட முடிப்பதில்லை. அந்த இலகுத் துப்பாக்கிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. துப்பாக்கி பின்னோக்கிப் பாயும்போது, சிலிண்டரில் இன்னும் சுடப்படாமல் இருக்கும் தோட்டாக்களின் குண்டுகள் உறையிலிருந்து முன்னோக்கி நழுவி, சிலிண்டர் சுழலாமல் அடைத்துக்கொள்ளக்கூடும். ஒரு தோட்டாவை மட்டும் கடைசி வரை சுடாமல் வைத்திருந்து, மற்றவற்றைச் சுட்ட பின் அதன் நீளத்தை அளந்து பார்த்தால், அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஏற்றதா என்று தெரியும்.

நாள் முழுவதும் இடுப்பில் சுமக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர் முழு எஃகு உடலையும் 5 அல்லது 6 அங்குலக் குழலையும் தேர்ந்தெடுப்பதே சரி. குழலின் கீழே முன்வாய் வரை நீளும் கனத்த அடிப்பகுதி உள்ள ரிவால்வர்களில் எடை முன்னே விழுவதால் வாய் மேலெழும்புவது குறைகிறது. நான்கு அங்குலத்துக்கும் குறைந்த குழலில் மேக்னம் தோட்டாவைச் சுடுவது, முழுமையாக எரியாத மருந்தைத் தீயாகவும் சத்தமாகவும் மாற்றுவதைத் தவிர அதிகம் சாதிப்பதில்லை.

குழலின் மையக்கோடு கைக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். அந்த உயரம் கூடக்கூட, உதைப்பு நேராகப் பின்னே வராமல் மணிக்கட்டைச் சுழற்றும் திருப்புவிசையாக மாறுகிறது. கிளாக் 21 போன்ற பிஸ்டல்களில் குழல் கைக்கு மிக அருகில் தாழ்ந்திருக்கிறது. பெரும்பாலான ரிவால்வர்கள் சிலிண்டரின் மேலறையிலிருந்து சுடுவதால், அவற்றின் குழல் இயல்பாகவே உயர்ந்து நிற்கிறது.

ரிவால்வரா, பிஸ்டலா?

தானியங்கிப் பிஸ்டலில் ஸ்லைடு (முன்னும் பின்னும் நகரும் மேற்பகுதி) பின்னே ஓடுவதும் ஸ்பிரிங் அமுங்குவதும் உதைப்பை நீண்ட நேரத்தில் பரப்பிவிடுகின்றன. மொத்த உந்தம் குறைவதில்லை. அது வந்து சேரும் வேகமே தணிகிறது. மிதமான உதைப்போடு பெரிய காலிபர் வேண்டும் என்று பொதுவாகக் கேட்பவருக்கு, முழு அளவுள்ள எஃகு 1911 வகைப் பிஸ்டலை .45 ஏ.சி.பி.யில் முதலில் சுட்டுப் பாருங்கள் என்றே சொல்வேன். 1911இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட அந்த வடிவத்தின் மெல்லிய கைப்பிடி சிறிய கைகளுக்கும் பொருந்துகிறது. நேராகப் பின்னே நகரும் அதன் விசை (டிரிக்கர்), சுடும் கணத்தில் துப்பாக்கியைப் பக்கவாட்டில் இழுப்பதில்லை. பாலிமர் உடல் கொண்ட .45 பிஸ்டல்கள் இலகுவானவை என்றாலும், அகன்ற கைப்பிடி அடியைப் பரவலாக வாங்கிக்கொள்வதால் எதிர்பார்ப்பதைவிட இதமாக இருக்கும். ஹெக்லர் அண்ட் கோக் யு.எஸ்.பி.யில் முதன்மை ஸ்பிரிங்குடன் உதைப்பைத் தணிக்கும் இரண்டாவது ஸ்பிரிங் ஒன்றும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

ஸ்பிரிங்கின் வலிமையைக் கூட்டினால் உதைப்பு குறையும் என்பது பரவலான நம்பிக்கை, பாதிதான் உண்மை. 1911இன் .45க்கு வழக்கமானது 16 பவுண்டு ஸ்பிரிங். அதைவிட மிக வலியதைப் போட்டால் ஸ்லைடு முன்னே திரும்பும்போது பலமாக மோதி, வாய் கீழே குனிந்துவிடும். அடுத்த குறி தாமதமாகும். மென்தோட்டாவுக்கு மாறினால் ஸ்பிரிங்கையும் தணிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்லைடு முழுதாகப் பின்னே வராமல் உறை சிக்கிக்கொள்ளும். மணிக்கட்டைத் தளரவிட்டுச் சுடுபவர்களுக்கும், குறிப்பாக இலகு உடல் பிஸ்டல்களில், இதே சிக்கல் நேரும்.

டெசர்ட் ஈகிள் என்ற பெரிய பிஸ்டலைப் பற்றிப் பலர் கேட்பதுண்டு. வாயு விசையால் இயங்குவதும் ஏறக்குறைய 2 கிலோ எடையுள்ளதும் ஆகையால், .44 மேக்னத்தை அது ரிவால்வரைவிட மென்மையாகவே சுடுகிறது. ஆனால் அதன் கைப்பிடி மிகப் பெரியது. வாயுத் துளையை அடைத்துவிடும் என்பதால் மேலே வேறு உலோகம் போர்த்தாத ஈயக் குண்டுகளை அதில் சுடவும் கூடாது. கை பெரியதாகவும் பை கனமாகவும் உள்ளவர்கள் அதை எண்ணிப் பார்க்கலாம்.

ரிவால்வரின் சாதகம் வேறு. மென்மையானதோ வலியதோ, எந்தத் தோட்டாவையும் அது தயக்கமின்றி ஏற்கும். ஸ்பிரிங் மாற்ற வேண்டியதில்லை. .45 ஏ.சி.பி.யைச் சுடும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 625 போன்ற பெரிய எஃகு ரிவால்வர்களைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுவது எனக்கு வியப்பளிக்கிறது. விளிம்பில்லாத அந்தத் தோட்டாவைப் பிடிக்கப் பிறை அல்லது முழுநிலா வடிவக் கிளிப் தேவைப்படும் என்ற சிறு தொந்தரவைத் தவிர, கனத்த உடலில் குறை அழுத்தத் தோட்டா என்ற நம் சேர்க்கை அதில் முழுமையாக அமைந்திருக்கிறது.

கைப்பிடி கையில் அமர்வது

ஒரே எடையும் ஒரே தோட்டாவும் உள்ள இரண்டு துப்பாக்கிகளில் ஒன்று வலிக்கும், மற்றொன்று வலிக்காது. காரணம் கைப்பிடியில் இருக்கும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட தசை கைப்பிடியின் உச்சிவரை ஏறிப் பொருந்த வேண்டும். துப்பாக்கியின் குழல் முன்கையின் நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். அந்த நிலையிலேயே சுட்டுவிரலின் நுனித்தசை விசையைத் தொட வேண்டும். விசையை எட்டுவதற்காகத் துப்பாக்கியைக் கையில் திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தால், உதைப்பு முழுவதும் கட்டைவிரல் மூட்டில் வந்து விழும். அத்தகைய துப்பாக்கியை, எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும், விட்டுவிடுங்கள்.

அகன்ற பின்பட்டை (கைப்பிடியின் பின்புறம்) அடியைப் பரப்புகிறது, குறுகியது ஒரே இடத்தில் குத்துகிறது. ரிவால்வரில் பின்பட்டையின் உலோகம் வெளியே தெரியும் மரப் பிடிகளைவிட, அதை முழுவதும் மூடும் ரப்பர் பிடி மேக்னத்துக்கு நல்லது. விசைக்காப்பின் பின்புறம் நடுவிரலின் கணுவை இடிக்கிறதா என்றும் பாருங்கள். இடித்தால், அந்த இடைவெளியை நிரப்பும் பிடியாக மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கையால் பின்னிழுக்க வேண்டிய பழைய சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்களின் வளைந்த கைப்பிடி, உதைக்கும்போது உள்ளங்கைக்குள் உருண்டு மேலேறும்படி அமைந்தது. மிதமான .45 கோல்ட்டில் அது சுகமானது. கனத்த தோட்டாவில் அந்த உருளல் ஒவ்வொரு முறையும் பிடியை மாற்ற வைக்கும். அங்கே ரூகரின் பிஸ்லி வகை நிமிர்ந்த பிடி மேலானது.

குழல் வாயில் பொருத்தும் காம்பன்சேட்டரைப் பற்றிச் சுருக்கமாக: வாயுவை மேல்நோக்கித் திருப்பி வாயை அழுத்துவதுதான் அதன் வேலை. ஆகவே வாயு அழுத்தம் மிகுந்த மேக்னங்களிலும் 10 மி.மீ.யிலும் அது நன்றாக உழைக்கும்; .45 ஏ.சி.பி.யில் பலன் குறைவு. சத்தமும் ஒளியும் கூடுவதால், மூடிய சுடுதளத்தில் பக்கத்தில் நிற்பவரின் பொறுமையையும் அது சோதிக்கும்.

வாங்குமுன் சுட்டுப் பார்த்தல்

வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுதளமோ, அனுபவமுள்ள நண்பரோ இல்லாமல் இந்த முடிவை எடுக்காதீர்கள். காதுக்குள் அடைப்பானையும் அதன் மேல் காதுறையையும் சேர்த்து அணியுங்கள், கண்ணாடியும் கட்டாயம். சத்தத்தை அடக்கினால் உணரப்படும் உதைப்பும் அடங்குவதை நீங்களே காண்பீர்கள். மேக்னத்தை முதன்முறை தொடும்போது ஒரே ஒரு தோட்டாவை மட்டும் இட்டுச் சுடுங்கள். மிக வலிய ரிவால்வர்களில், துப்பாக்கி துள்ளி விழும்போது கை தன்னையறியாமல் விசையை மறுபடி அழுத்தி, வாய் வானத்தை நோக்கியிருக்கையில் இரண்டாவது தோட்டா வெடித்த நிகழ்வுகள் உண்டு. பிஸ்டலில் பழகியவர்கள் இடக்கைக் கட்டைவிரலை முன்னே நீட்டிப் பிடிப்பார்கள். ரிவால்வரில் அது சிலிண்டரின் முன்னிடைவெளியைத் தாண்டக் கூடாது. அங்கிருந்து பக்கவாட்டில் பீறிடும் வாயு விரலைக் கிழித்துவிடும்.

பிறகு ஐந்தைந்தாகச் சுட்டு மூன்றைக் கவனியுங்கள். உதைத்த பின் முன்குறி தானாகப் பழைய இடத்துக்குத் திரும்புகிறதா? ஒவ்வொரு முறையும் பிடியைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறதா? கடைசி ஐந்தின் துளைகள் முதல் ஐந்தைப் போலவே நெருங்கி விழுகின்றனவா? இடையில் யாரையாவது வெற்றுப் பயிற்சித் தோட்டாக்களை உங்களுக்குத் தெரியாமல் கலந்து இடச் சொல்லுங்கள். வெடிக்காத தோட்டாவில் விசையை அழுத்தும்போது வாய் கீழே குனிந்தால், உதைப்பு வருமுன்பே கை அதற்கு அஞ்சுகிறது என்று பொருள். அப்போது துப்பாக்கியை மாற்றுவதற்கு முன் தோட்டாவை மாற்றுங்கள்: .44 மேக்னத்திலிருந்து .44 ஸ்பெஷலுக்கு, 230 கிரெயினிலிருந்து 185 கிரெயின் மென்தோட்டாவுக்கு. அதிலும் குனிவது நிற்கவில்லை என்றால் கனமான உடலையும், அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் வேறு கைப்பிடியையும் முயலலாம். மணிக்கட்டிலோ கட்டைவிரல் மூட்டிலோ வலியோ விரல்களில் மரமரப்போ தோன்றினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மூட்டு வாதம் உள்ளவர்கள் மேக்னங்களைத் தொடாமல் இருப்பதே நல்லது.

இரண்டு துப்பாக்கிகளுக்கு இடையே முடிவு செய்ய முடியாமல் நின்றால், எதற்கான மென்தோட்டா உங்கள் பகுதியில் தட்டுப்பாடின்றிக் கிடைக்கிறதோ அதை எடுங்கள். .44 ஸ்பெஷலும் .45 கோல்ட்டும் எல்லாக் கடைகளிலும் இருப்பதில்லை. தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்பவர்களுக்கு அது குறையாகத் தெரியாது, மற்றவர்களுக்கு .45 ஏ.சி.பி.யே எளிது.